எவ்வளவு தெரியுது

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர் - 21.
ஐப்பசி மாதம், 2004.

அன்பு மகன் குணசேகருக்கு, அப்பா பச்சைமுத்து சொல்லச் சொல்ல எதிர்வீட்டு எலிசபெத் எழுதுவது. மஸ்கட்டில் நீ எந்த வெயிலில் நின்றாலும் உன் தலைக்கு மேல் கொஞ்சம் நிழல் இருக்கட்டும்.

எலிசபெத் பேனாவைத் திறந்ததுமே பழக்கத்தில் "இங்கு நாங்கள் எல்லோரும் நலம்" என்று எழுதிவிட்டாள். நான்தான் அடிக்கச் சொன்னேன். மேலே மை தீற்றிக் கிடப்பது அதுதான். முதல் வரியிலேயே அடித்தல் இருக்கிறதே என்று பயந்துவிடாதே. இங்கே உயிருக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் இந்தத் தடவை போட மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ மூலைக் கடைக்குப் போன் போடுகிறாய். கடைக்காரர் குரல் கொடுக்கிறார். உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போகிறாள், நான் பின்னால் போகிறேன். பீடி வாங்க வந்தவர், எண்ணெய் வாங்க வந்தவர் எல்லோரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே நின்றுகொண்டு "நல்லா இருக்கோம்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பக்கத்திலிருந்து நீயும் அதையேதான் சொல்கிறாய். எங்களுக்குப் பின்னால் கடை இருக்கிற மாதிரி உனக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ எனக்குத் தெரியாது.

இதை எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் எலிசபெத் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கட்டினவளுக்குத் தெரியாமல் ஒளிந்து பேசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் சந்துக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். அனுஷா என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம். இங்கே ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் படிக்கிறாளாம். ஒவ்வொரு வீட்டிலும் வறுமை எவ்வளவு என்று அளப்பது அவள் படிப்பு. நான் சர்க்கார் ஆள் இல்லை, எதுவும் கொடுக்கவும் மாட்டேன், எதையும் பிடுங்கவும் மாட்டேன் என்று முதல் நாளே எல்லா வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வீடு வீடாக வருவதாக ஏற்பாடு.

வறுமையை அளக்க வருகிறாள் என்று தெரிந்ததும் சந்து என்ன செய்தது தெரியுமா? எல்லோரும் வீட்டைக் கழுவிவிட்டு, துவைத்த திரையை மாட்டி, வாசலில் கோலம் போட்டார்கள். உன் அம்மாவும் போட்டாள். கோலம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. "ராத்திரி குடிச்சிட்டுப் போட்டியா?" என்று கேலி பண்ணினேன். "ஆமா, உன்கூட சேந்து குடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

வருகிற பெண்ணை எதில் உட்கார வைப்பது என்பது அடுத்த கவலை. எலிசபெத்திடம் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, கைப்பிடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடுவோடு, அது அன்றைக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. அந்தப் பெண் ஒரு வீட்டிலிருந்து எழுந்ததும் நாற்காலி பின்பக்கச் சுவர் மேலாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவள் முன்வாசலால் சுற்றிக்கொண்டு வருவதற்குள் இது அவளுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். எழுதுகிற எலிசபெத் இப்போது பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அனுஷா அந்தச் சுட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சேரும் நானும் காலைல இருந்து ஒண்ணாவே சுத்திட்டு இருக்கோங்க ஐயா" என்றாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் அப்போதுதான், நாற்காலி உண்டா என்று கேட்டதற்கு, "இருக்கு" என்று தலை நிமிர்ந்து சொல்லியிருந்தேன்.

உனக்குத் தெரியாததில்லை. தங்கவயலில் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த நம் லைன் வீடுகளில் யார் வந்து எதைக் கேட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்லுவோம். வீட்டு வாசலில் நின்றுகொண்டு இல்லை என்ற வார்த்தையை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அந்தப் பெண் கேட்கக் கேட்க நான் இருக்கு, இருக்கு என்றே சொல்லிக்கொண்டு போனேன். பொய்யும் இல்லை. ஃபேன் இருக்கிறதா? இருக்கிறது. ரேஷன் கார்டு? இருக்கிறது. தண்ணீர்க் குழாய்? இருக்கிறது. காஸ்? அதோ இருக்கிறது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தாள். ஃபேன் எப்படிச் சுற்றும் என்றாள். போட்டுக் காட்டச் சொல்லிவிடுவாளோ என்று, குச்சியால் ஒரு தள்ளுத் தள்ளினால் சுற்றும் என்று நானே சொல்லிவிட்டேன். கார்டில் எந்த ஊர் என்றாள். தங்கவயல் விலாசம்தான், இங்கே அதற்கு ஒரு பிடி அரிசி விழாது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்றாள். வருகிற நாளில் வரும் என்றேன். காஸ் சிலிண்டர் பக்கமாக அவள் பார்வை போனபோது நான் எழுந்து மறைத்துக்கொண்டு நின்றேன். நீ மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன சிலிண்டர்தான். அது தீர்ந்து வெகுகாலமாகிறது. உன் அம்மா பழைய புடவைத் துணியை அதற்குப் போர்த்தி, மேலே நீ அனுப்பின போட்டோவை வைத்து மேஜை மாதிரி ஆக்கிவிட்டாள். சமையல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான். எலிசபெத், இதைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடு என்றேன். அதெல்லாம் முடியாது மாமா என்கிறாள்.

நான் அவமானத்தில் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு விளக்கம் சொன்னாள். முன்னெல்லாம் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் ஏழை இல்லை என்று எழுதிவிடுவார்களாம். இவர்கள் அப்படிச் செய்வதில்லையாம். "ஆமாவா இல்லையான்னு கேக்கறதில்லைங்க ஐயா. எவ்வளவுன்னு கேக்கறோம். சைபர்ல இருந்து ஒண்ணு வரைக்கும் ஒரு அளவு வச்சுக்குங்க. ஒண்ணுமே குறையில்லைன்னா சைபர். சுத்தமா இல்லைன்னா ஒண்ணு. பெரும்பாலும் எல்லா வீடும் நடுவுலதான் எங்கேயோ இருக்கும்" என்றாள். ஒரு வீடு துணிமணியில் கொஞ்சம் மேலே இருக்கலாம், தண்ணீரில் கீழே இருக்கலாம், உடம்பில் அதற்கும் கீழே இருக்கலாம், எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து பிறகு சேர்ப்பார்களாம்.

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சுரங்கத்தில் கூண்டில் ஏறிக் கீழே போவோமே, மேலே நிற்கும்போது பகல். அடியில் போனால் கன்னங்கரேல் என்று இருட்டு. ஆனால் இந்த இடத்தில்தான் வெளிச்சம் நின்றது என்று எந்த ஆளாலும் கைகாட்ட முடியாது. பக்கத்தில் நிற்பவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அவ்வளவுதான். நாம் இல்லாதப்பட்டவர்களாக ஆனதும் அப்படித்தான். சுரங்கத்தை மூடின நாளிலா, பெங்களூருக்கு ரயில் ஏறின நாளிலா, எந்த நாளில் என்று யாராவது கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. எல்லாக் குறைக்கும் ஒரே எடை போட மாட்டார்களாம். சுற்றி இருக்கிற யாரிடமும் ஒரு பொருள் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால் அதற்கு எடை குறைவு. எல்லோரிடமும் இருக்கிறது, உங்களிடம் மட்டும் இல்லை என்றால் அதற்குத்தான் எடை அதிகமாம். தங்கவயல் லைனில் யார் வீட்டுக்குள்ளே குழாய் இருந்தது? யார் வீட்டில் ஃபேன் சுற்றியது? தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஒன்றாக வெந்தோம், ஒன்றாகக் குடத்தோடு வரிசையில் நின்றோம். ஒருத்தரும் வெட்கப்படவில்லை. இங்கே சந்தில் எல்லா வீட்டிலும் காஸ் அடுப்பு. உன் அம்மா புடவையில் மட்டும் மண்ணெண்ணெய் வாடை. குழாயடியில் மற்ற பெண்களோடு சேர்ந்து நிற்காமல் ஓரமாக, காற்று அடிக்கிற பக்கம் பார்த்து நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி வந்திருக்கிறேன். அந்த எடையை ஒரு படித்த பெண் கணக்கில் சேர்த்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது, இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது உடம்பைப் பற்றின கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில் வைத்திருந்தாள். சிரமமே இல்லை என்பது முதலாவது, கொஞ்சம் சிரமம் இரண்டாவது, ரொம்பச் சிரமம் மூன்றாவது, முடியவே முடியாது நாலாவது. படி ஏற முடியுமா என்று என்னைக் கேட்டாள். முதலாவது என்றேன். ஸ்டவ் பக்கத்திலிருந்து உன் அம்மா, "அந்த ஆளு சொல்றத எழுதாதம்மா. ராவெல்லாம் இருமல். படி ஏறினா சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. மூணாவதப் போடு" என்றாள். "இன்னாடி நீ, என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றேன். "சும்மா இருய்யா" என்றாள். இரண்டாவது என்று நான் சமரசம் பேசினேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உன் அம்மா அவளை ஸ்டவ் பக்கத்துக்கே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

காப்பியைக் குடித்துக்கொண்டே, "உங்களுக்குக் கண் பார்வை எப்படிம்மா?" என்று கேட்டாள். நான் இங்கிருந்தே, "அவளுக்கு ஊசியில நூல் கோக்கிற கண்ணு. முதலாவது போடு" என்றேன். இந்தக் கண்ணை வைத்துத்தானே அவள் லைன் முழுக்க இருந்தவர்கள் சட்டைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாள்.

உன் அம்மா கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு, "அந்த நாலையும் இன்னொரு தரம் சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண் சொன்னாள். "மூணாவது" என்றாள் உன் அம்மா. ஸ்டவ்வைத் தணித்துவிட்டு, "இடது பக்கம் நாலாவது" என்றாள்.

குணா, எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியாள் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், "எங்கிட்ட எப்பனா சொன்னியா? நான் கேக்கறப்பல்லாம் தெரியுது தெரியுதுன்ன!" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். என் பக்கம் என்று சொன்னேனே, என் முகத்துக்கு அரை அடி தள்ளிப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ தெரியுதான்னு கேட்ட. தெரியுதுன்னேன். எவ்ளோ தெரியுதுன்னு நீ எப்பய்யா கேட்ட?"

  அனுஷா காப்பித் தம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நான் எதையும் மறப்பதில்லை. யார் எந்தக் கூண்டில் எந்த இடத்தில் நின்றான், அவன் சோற்று டப்பாவில் என்ன இருந்தது என்பதுகூட இன்றைக்கும் சொல்வேன். பச்சைமுத்துவைக் கேட்டால் தெரியும் என்று லைனில் பேர் வாங்கினவன். அந்த ஞாபகமெல்லாம் அன்றைக்கு ராத்திரி எனக்கு விரோதமாகத் திரும்பிவிட்டது. கோணல் கோலத்தைச் சொன்னேனே, அது அன்றைக்கு மட்டும் இல்லை. புள்ளி வைத்துப் போடுகிறவள் பொங்கலுக்குப் பிறகு புள்ளியே வைக்கவில்லை, நாலு இழை இழுத்துவிட்டு வந்துவிடுவாள். காப்பி ஊற்றும்போது தம்ளருக்குள் ஒரு விரலை விட்டுக்கொள்வாள், நிறைந்ததா என்று அறிய. சூடு படாதா என்று நான் கேட்டதில்லை. சந்தாபுராவில் அவள் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாள். கட்டிக்கொண்டு போக நல்ல புடவை இல்லை என்கிற வெட்கம் என்று நினைத்து நானும் வற்புறுத்தவில்லை. பஸ் படி தெரியாத பயம் அது. எதிரே எலிசபெத் வந்து நின்றால் குரல் கேட்கிற வரைக்கும் சிரிக்க மாட்டாள். எலிசபெத்மேல் உனக்கு என்ன மனத்தாங்கல் என்று உன் அம்மாவிடம் நான் பஞ்சாயத்துப் பேசியிருக்கிறேன்.

சோற்றில் கல் கிடந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள் கிடந்தது. ஒரு நாள் தட்டை அப்படியே தள்ளிவிட்டு, "கண்ண இன்னா பொடனியில வெச்சினுகிறியா?" என்று கேட்டேன். கதவு திறந்திருந்தது, எலிசபெத்துக்கும் கேட்டிருக்கும். இதை எழுதமாட்டேன் மாமா, அண்ணனுக்கு எதுக்கு இதெல்லாம் என்கிறாள். எழுது என்கிறேன். அந்தத் தட்டை உன் அம்மா எடுத்துக்கொண்டு போய், விளக்குக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு பருக்கையாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

எலிசபெத் ஆஸ்பத்திரியில் ஆயா வேலையில் இருக்கிறாள் இல்லையா, அவள்தான் அடுத்த வாரமே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். டாக்டரம்மா நல்லவர், கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இடது கண்ணில் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டதாம். அது போனது போனதுதான். வலது கண்ணில் இருப்பது புரை. அதை ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும், ஆனால் அந்தக் கண்ணிலும் அழுத்தம் ஆரம்பித்திருக்கிறது, இனிமேல் தள்ளிப்போடாதீர்கள் என்றார். "சொல்ப முன்னாடியே பந்திருந்தா", கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் என்று ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தர்ம ஆஸ்பத்திரிதான், அதற்காக நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். அதைக் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது.

உன் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அதுதான் சங்கதி. "குணா வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். எலிசபெத் பேசிப் பார்த்தாள், அனுஷாகூட இரண்டு தடவை வந்து பேசினாள். கண்ணைக் கட்டிப் போட்டுவிட்டால் நீ போன் பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வர முடியாது, அம்மா எங்கே என்று கேட்பாய், நான் உளறிவிடுவேன், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய், இதுதான் அவள் பயம். அவனுக்கு அங்கே சூப்பர்வைசர் வேலை, நம்மால் அது கெடக்கூடாது என்கிறாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்தேன். இன்றைக்கு அதை முறித்துவிட்டேன். அவள் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும்.

இப்போது உன்னைப் பற்றி. சொல்லட்டுமா வேண்டாமா என்று யோசித்து எலிசபெத்தைப் பேனாவோடு காக்க வைத்திருக்கிறேன்.

போன வருஷம் நீ போட்டோ அனுப்பினாயே, வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற போட்டோ, உன் அம்மா அதை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "புள்ள சத போட்டுகிறான். மொகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். நான் ஆமாம் என்றேன். சந்து முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

குணா, எனக்குக் கண் தெரிகிறது. தங்கவயலை விட்டு மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி நாம் இங்கே வந்து இறங்கினபோதும், நீ மஸ்கட்டுக்குக் கிளம்பின அன்றைக்கும் நீ போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டைதான் போட்டோவிலும். கழுத்துப் பட்டி நைந்துபோய், உன் அம்மா அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டுக் கையால் தைத்தாள். வீட்டில் நீல நூல் இல்லை என்று கறுப்பு நூலில் தைத்தாள். அந்தக் கறுப்பு நூல் போட்டோவில் தெரிகிறது. கழுத்து எலும்பும் தெரிகிறது. கார் யாருடையதோ. சூப்பர்வைசர் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மண்வெட்டி பிடிக்கிற கை எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கும் அதே கைதான்.

அவள் தெரியாமல் சொன்னாள். நான் தெரிந்தே ஆமாம் என்றேன். அவள் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று இருந்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான். மீதிப் பாதி, எனக்கு நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ நல்லா இருக்கேன் என்கிறாய், நாங்கள் நல்லா இருக்கோம் என்கிறோம், இருக்கு என்றே சொல்லிச் சொல்லி மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட்டோம். இது உன் குற்றமில்லை. வாசலில் இல்லை என்று சொல்லாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

அதனால் இந்தத் தடவை பதில் போடும்போது நலம் என்று எழுதாதே. எவ்வளவு என்று எழுது. சாப்பாடு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, வேலை எவ்வளவு கஷ்டம், அங்கே மனுஷர்கள் உன்னை எவ்வளவு மனுஷனாக நடத்துகிறார்கள். கொஞ்சம்தான் என்றால் கொஞ்சம் என்றே எழுது. எலிசபெத் எனக்கு மட்டும் படித்துக் காட்டுவாள். சந்தில் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு வர வேண்டியிருக்கிறதே என்றுதான் நீ ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்கிறாயென்றால், வெறுங்கையோடு வா. இங்கே நாங்கள் எதை வைத்திருக்கிறோம் என்றுதான் மேலே எல்லாம் சொல்லிவிட்டேனே. இனி நமக்குள் என்ன வெட்கம்.

வர முடியவில்லையென்றால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போன் போடுவாய் இல்லையா, அம்மாவிடம் உடம்பு எப்படி என்று கேட்காதே, நல்லா இருக்கு என்பாள். கண் தெரியுதா என்று கேட்காதே, தெரியுது என்பாள். எவ்வளவும்மா தெரியுது என்று கேள். கடையில் யார் நின்றாலும் பரவாயில்லை. நீ கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு ஆபரேஷனுக்குப் போ என்று நீ ஒரு வார்த்தை சொல்லு. என் பேச்சில் எடை இல்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காதவன் பேச்சு அது.

உன் அம்மா சம்பூர்ணம் எழுந்துவிட்டாள் போலிருக்கிறது, தம்ளர் சத்தம் கேட்கிறது. முடித்துக்கொள்கிறேன். என்னைப் பற்றி நீ கேட்பாய். இருமல் இரண்டாவது. உன் அம்மாவைக் கேட்டால் மூன்றாவது என்பாள். அவள் சொல்வதை வைத்துக்கொள்.

கடைசியில் என்ன போட வேண்டும் மாமா, ஆசீர்வாதம் என்று போடட்டுமா என்று எலிசபெத் கேட்கிறாள். போடட்டும். ஊர் தாண்டிப் போன பிள்ளை உடம்போடும் மனசோடும் திரும்பி வரட்டும். வரும்போது புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டாம், அந்த நீலக் கட்டம் போட்டதையே போட்டுக்கொண்டு வா. ஆபரேஷனில் கண் வந்துவிட்டால் பார்ப்பாள். வராவிட்டாலும் கழுத்தில் கையை வைத்தால் அவள் தையல் அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அப்பா
பச்சைமுத்து